ஆம்பளைக்கு எதுக்கு டெஸ்ட்?

அம்பாசமுத்திரத்தில் சின்னதாக ஒரு மெடிக்கல் வைத்திருக்கிறேன். கர்ப்பம் பார்க்கும் கார்டு எங்கள் கடையில் மூன்றாவது அடுக்கில், பஞ்சுக் கட்டுகளுக்குப் பின்னால் இருக்கும். 2013 ஆவணியில் கல்யாணம். அடுத்த தை மாதத்திலிருந்து, ராத்திரி கடை அடைக்கும்போது மாதம் ஒரு கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவேன். பில் போட மாட்டேன். மறுநாள் காலையில் குளியலறைக் கதவு திறக்கிற சத்தத்திலேயே எனக்குப் பதில் தெரிந்துவிடும். எப்போதும் மெல்லத்தான் திறக்கும். இரண்டாம் வருஷம் ஒருநாள் என் மனைவியே சொன்னாள்: "இனிமே கொண்டாரவேண்டாம். நாள் தள்ளிச்சுன்னா நானே சொல்லுதேன்."

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2020 புரட்டாசியில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தாள், டெஸ்ட் டியூப் குழந்தை என்பார்களே, அந்த ஐ.வி.எஃப். மூலமாக. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், என் கடையின் இருமல் மருந்துப் பெயர்களை ஒப்பிக்கிறாள். ஆனால் குழந்தை பிறந்த கதையாக இதை எழுத உட்காரவில்லை. இடையில் வீணாகப் போன மூன்றரை வருஷத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்தக் காலம் வைத்தியத்தில் போகவில்லை. என்னால் போனது.

எங்கள் பக்கம் கல்யாணமாகி ஆறு மாதம் ஆனால் போதும், "ஏதும் விசேஷம் உண்டுமா?" என்று கேட்பார்கள். கேட்பது பெண்ணிடம் மட்டும்தான். துஷ்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில்கூடக் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் யாரும் கேட்டதில்லை. அதிகம் போனால், "என்னவே, வீட்டுல அம்மைக்கு பேரன் பார்க்க ஆசை இருக்காதா" என்று தோளில் தட்டுவார்கள். உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தது அவளுக்கு. பப்பாளியும் எள்ளும் அன்னாசியும் விலக்கப்பட்டது அவளுக்கு. "அவ உடம்பு சூட்டு உடம்பு, அதான் தங்கமாட்டேங்கு" என்று என் ஆச்சி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பிறகு ஒரு டாக்டரிடம் இந்தப் பட்டியலைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, பழுத்த பப்பாளி தின்று யாருக்கும் கரு தங்காமல் போகாது, சூட்டுக்கும் கருப்பைக்கும் சம்பந்தமில்லை, களி பிடித்திருந்தால் சாப்பிடட்டும் என்றார்.

ஐப்பசியில் திருச்செந்தூர் சஷ்டி விரதம். ஆறு நாள், ஒருவேளைப் பாலும் பழமும். "சஷ்டியில இருந்தா அகப்பையில வரும்" என்ற பழமொழியைச் சொல்லாத ஆள் கிடையாது. அகப்பை என்றால் கருப்பை என்று விளக்கமும் சேர்த்துச் சொல்வார்கள். மூன்று வருஷம் அவள் இருந்தாள். நான் அந்த ஆறு நாளும் கடைக்கு எதிர்த்தாற்போலப் பரோட்டா தின்றுகொண்டிருந்தேன். விரதத்தைக் கேலி செய்யவில்லை. அவளுக்கு அது தெம்பு கொடுத்தது. அதிலும் ஒருத்தி மட்டும்தான் இருக்க வேண்டும் என்று யாரும் விதித்ததில்லை, ஆனால் எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

2014 கடைசியில் திருநெல்வேலியில் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போனோம். ஒரு வருஷம் தடையில்லாமல் சேர்ந்து வாழ்ந்தும் தங்கவில்லை என்றால் பார்க்க வேண்டியதுதான், பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும் என்று சொல்லி, சீட்டு எழுதினார். அவளுக்கு ஸ்கேன், தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன். அதற்கெல்லாம் மேலே, முதல் வரியில், கணவருக்கு விந்துப் பரிசோதனை.

அந்தச் சீட்டை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தேன். இடையில் பர்ஸ் மாறியது, சீட்டு மாறவில்லை.

ஏன் போகவில்லை என்று இப்போது யோசித்தால் காரணங்கள் அசிங்கமாக இருக்கின்றன. எனக்கு மீசை நன்றாக வளரும். தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லை. அம்மாவிடம் லேசாகப் பேச்சை எடுத்தபோது, "ஆம்பளைக்கு எதுக்கு டெஸ்ட்? நம்ம வம்சத்துல அப்படியெல்லாம் கிடையாதுய்யா" என்றாள். எனக்கும் அது வசதியாக இருந்தது. நான் பார்மசி டிப்ளமோ படித்தவன். பாடத்தில் எழுதிப் பாஸானதை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. இன்னொன்று, எங்கள் ஊரில் லேப் வைத்திருப்பவர்கள் எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். அந்த டப்பாவை அவர்களில் யார் கையில் கொடுப்பது?

குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் தரப்பிலும் ஏதோ ஒரு காரணம் இருக்கும், தனியாகவோ பெண் தரப்புக் காரணத்தோடு சேர்ந்தோ. ஆணுக்கான முதல் பரிசோதனைதான் இருப்பதிலேயே மலிவு, வலியில்லாதது, ஒரு மணி நேரத்தில் முடிவது. பெண்ணுக்கான பரிசோதனைகள் அப்படியில்லை. அவளுக்கு டியூப் டெஸ்ட் எடுத்த நாளில் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கருப்பைக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனைக்கு அவசியம் உண்டு. நம் நாட்டில் காசநோய், இருமலே இல்லாமல், குழாயை மட்டும் அடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது உண்டு. ஆனால் வலிக்கும். வெளியே வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என் பர்ஸில் சீட்டு இருந்தது.

குழாய் இரண்டும் திறந்திருந்தன. தைராய்டு கொஞ்சம் கூடுதல், மாத்திரையில் சரியானது. பிறகு முட்டை வளர மாத்திரை, வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஃபாலிக்கிள் ஸ்கேன், மறுபடி மாத்திரை. டாக்டர் கேட்கும்போதெல்லாம், "அடுத்த மாசம் எடுத்துருதேன் மேடம்" என்பேன். மாத்திரை என் கடையிலிருந்தே போனது. ஆறு மாதம், பிறகு இடைவெளி, பிறகு இன்னொரு டாக்டர், மறுபடி ஆறு மாதம். விதை எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் வயலை மட்டும் உழுதுகொண்டே இருந்த மாதிரி. (பெண்ணை வயல் என்று சொல்வதே எனக்குப் பிடிக்காது, ஆனால் பிசான சாகுபடிக்கு விதைநெல் முளைக்குமா என்று பார்க்காமல் நாற்றங்கால் போட என் அப்பாவே சம்மதித்திருக்க மாட்டார்.)

2018 சித்திரையில் கல்லிடைக்குறிச்சியில் என் சித்தி வீட்டில் வளைகாப்பு. டீச்சர் வேலை பார்க்கிற என் மனைவி பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வரிசையில் நின்று, சந்தனம் தடவி, இரண்டு வளையலைக் கையில் எடுத்தாள். சித்தி கெட்டவள் கிடையாது, பதமாகத்தான் சொன்னாள்: "நீ செத்த பொறு மக்கா, பிள்ளை பெத்தவுக முதல்ல போடட்டும்." அவள் வளையலைத் தட்டில் வைத்துவிட்டுப் பந்திக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். நான் வாசலில் மாமாமார்களோடு நின்றுகொண்டிருந்தேன். பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

திரும்பி வரும்போது ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். தாமிரபரணியில் தண்ணீர் குறைவாக ஓடிக்கொண்டிருந்தது. "அந்தச் சீட்டு பர்ஸ்லதான இருக்கு?" என்று கேட்டாள். அவளுக்கு இத்தனை நாளும் தெரிந்திருந்தது. சட்டை துவைக்கிறவளுக்குப் பர்ஸ் தெரியாதா?

அதற்குப் பிறகும் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஊரில் கொடுக்கக் கூச்சப்பட்டு, வீட்டிலேயே டப்பாவில் எடுத்து, திருநெல்வேலி லேபுக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன். 35 கிலோமீட்டர். இன்சுலின் கொண்டுபோகிற பழக்கம், கெட்டுப்போகக் கூடாதே என்று டப்பாவை ஐஸ் பைக்குள் வைத்தேன்! வண்ணாரப்பேட்டையில் இறங்கி, ஆட்டோ பிடித்து, போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. ரிப்போர்ட்டில் அசையும் விந்தணுக்கள் பூஜ்யம். ஒரு வாரம் நான் யாரிடமும் பேசவில்லை. விந்து உடல் சூட்டிலேயே இருக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும், குளிர்ந்தால் அணுக்கள் அசையாது. இது தெரியாத மருந்துக்கடைக்காரன் நான்.

உங்களில் யாராவது போவதாக இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் லேபிலேயே தனி அறையில் கொடுங்கள். இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மிஞ்சாமலும் இடைவெளி விடுங்கள். சோப்பு, எண்ணெய், எச்சில் கூடாது; கடையில் விற்கிற சாதாரண ஆணுறையில் எடுத்துக் கொடுக்கக் கூடாது. முதல் சொட்டுகள் சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், அணுக்கள் அதில்தான் அதிகம். சமீபத்தில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஓர் அணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய இரண்டரை மாதம் பிடிக்கும். இன்றைக்கு ரிப்போர்ட்டில் தெரிவது இரண்டு மூன்று மாதத்துக்கு முந்தைய உங்கள் உடம்பு. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துத் தூக்கு மாட்டிக்கொள்ளவும் வேண்டாம், துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்கள்.

மதுரையில் ஆண்களுக்கான சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் போனோம். அங்கேயே எடுத்ததில் மில்லிக்கு 70 லட்சம் அணுக்கள், முன்னோக்கி நீந்துபவை 14 சதவீதம். அப்போது ரிப்போர்ட்டில் அச்சாகியிருந்த குறைந்தபட்ச அளவு ஒன்றரைக் கோடி, 32 சதவீதம். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அதை ஒரு கோடியே 60 லட்சம், 30 சதவீதம் என்று மாற்றியது. இந்த எண்ணைப் பலர் பாஸ்மார்க் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு வருஷத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை அளந்து பார்த்து, அவர்களில் கடைசி 5 சதவீதம் பேர் எந்த இடத்தில் நிற்கிறார்களோ அங்கே போட்ட கோடு அது. கோட்டுக்குக் கீழே இருந்தவனுக்கும் பிள்ளை பிறந்திருக்கிறது, மேலே இருப்பவனுக்கும் பிறக்காமல் இருக்கலாம்.

நான் மென்று விழுங்கி, "டாக்டர், மத்த விஷயத்துல எனக்குக் குறையே இல்லையே" என்றேன். அவர் இந்தக் கேள்வியைத் தினமும் கேட்பவர் போல. "அது வேற, இது வேற தம்பி. வெளியே வர்ற விந்துல பெரும்பங்கு வேற சுரப்பிகள்ல ஊறுற நீர். அணு அதுல ரொம்பக் கொஞ்சம். ஒரு அணுகூட இல்லாதவனுக்கும் பார்க்க வித்தியாசம் தெரியாது" என்றார். என் மீசையின் மீது நான் வைத்திருந்த நம்பிக்கை அந்த அறையிலேயே இறங்கிவிட்டது.

படுக்கவைக்காமல் நிற்கவைத்துப் பரிசோதித்தார். இடது பக்கம் வேரிகோசில், அதாவது விதைப்பையின் ரத்தக் குழாய் புடைத்து முறுக்கியிருந்தது. காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதைப் போலத்தான். பொதுவாக ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இது இருக்கும், பெரும்பாலோருக்கு ஒரு தொல்லையும் இராது. ஆனால் முதல் குழந்தைக்கே அல்லாடும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் இது தென்படும். இடது பக்கம் அதிகம் வருவதற்குக் காரணம், அந்தப் பக்கத்து ரத்தக் குழாய் நேராகப் பெருங்குழாயில் சேராமல், சிறுநீரகக் குழாயில் செங்குத்தாகப் போய் முட்டுவது. கையில் தட்டுப்படுகிற அளவு இருந்து, அணுவும் குறைவாக இருந்தால் அறுவை சிகிச்சை பலன் தரலாம். ஸ்கேனில் மட்டும் தெரிகிறதற்கு வேண்டியதில்லை. "நிச்சயமா கூடும்னு நான் சொல்லமாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் தேதி கொடுத்தார். ஆறு மாதம் கழித்து எண்ணிக்கை ஒரு கோடியே 30 லட்சம் வரை வந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்த ஆறு மாதத்தில் எங்கள் வீட்டில் வேறொன்று நடந்தது: அம்மாவிடம் நானே போய், "கோளாறு என்கிட்டம்மா" என்றேன். அம்மா அன்றைக்கு முழுதும் எனக்குச் சோறு போடவில்லை. மறுநாள் என் மனைவிக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்தாள், ஒன்றும் பேசாமல் தலையில் வைத்துவிட்டாள்.

அதே மதுரை டாக்டர்தான் நாள் கணக்கிலும் எங்கள் தப்பைக் கண்டுபிடித்தார். 14-ஆம் நாள் என்று எல்லாரும் சொல்வதை நம்பி அதையே பிடித்துக்கொண்டிருந்தோம். அது 28 நாள் சுற்று உள்ளவர்களுக்கு. அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால் முட்டை வெளியே வரும் என்பதுதான் கணக்கு. அவளுக்கு 34 நாள் சுற்று, அப்படியென்றால் 20-ஆம் நாள் வாக்கில். முட்டை ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். அணு ஐந்து நாள் வரை உள்ளே காத்திருக்கும். அதனால் முட்டை வருகிற நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் வாய்ப்பு. நாள் எண்ணிக் காலண்டரில் வட்டம் போடுவதைவிட, மாதவிலக்கு முடிந்ததிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் என்றிருந்தால் தவறாது என்றார். "அது முடிஞ்சதும் காலைத் தூக்கி வச்சுப் படுக்கணுமா?" என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றார். அவளுக்கு அதைவிடப் பெரிய நிம்மதி எதுவும் கிடைத்திருக்காது.

பிறகு ஐ.யு.ஐ., மூன்று முறை. கழுவித் தேர்ந்த அணுக்களைக் கருப்பைக்குள் செலுத்துவது. ஒரு முறைக்கு நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் கிட்டும். இரண்டாவது முறை நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. முட்டை வெடிக்க ஹெச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தார்கள். ஒன்பதாம் நாள் மதியம் எனக்குச் சோறு கொண்டுவந்தவள், நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது அடுக்கிலிருந்து ஒரு கார்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அரை மணியில் போன் வந்தது. இரண்டு கோடு. சத்தமாக அழுதாள். வீரவநல்லூரில் அவள் அம்மாவுக்கும் சொல்லிவிட்டாள். கார்டு தேடுவதே கர்ப்பத்தில் சுரக்கும் இந்த ஹெச்.சி.ஜி. ஹார்மோனைத்தான். ஊசியில் போட்டதும் அதேதான். இரண்டு வாரம் வரைகூட உடம்பில் தங்கும். எனக்குத் தெரியும், அந்த ஊசியை நானே விற்கிறவன். போனில் சொல்ல வாய் வரவில்லை. ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இப்போது யாராவது இந்த ஊசி வாங்கினால், "பதினாலு நாள் கழிச்சு ரத்தத்துல பாருங்க, அதுவரைக்கும் கார்டு வாங்காதீங்க" என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். வியாபாரத்துக்கு நஷ்டம்தான்.

ஐ.வி.எஃப். என்று பேச்சு வந்ததும் திருநெல்வேலியில் ஒரு மையத்தில் ஏ.எம்.ஹெச். பார்த்துவிட்டு, "1.6 தான் இருக்கு, முட்டை தீரப்போகுது, இந்த வாரமே பணம் கட்டிருங்க" என்று பயமுறுத்தினார்கள். சுவரில் நூறு சதவீத வெற்றி என்று போர்டு. ஏ.எம்.ஹெச். கையிருப்பு முட்டைகளின் எண்ணிக்கையை ஏறத்தாழக் காட்டும். ஊசிக்கு எத்தனை முட்டை வரும் என்று டாக்டருக்கு ஒரு மதிப்பு கிடைக்கும். முட்டையின் தரத்தை அது சொல்லாது, இயல்பாகக் கருத்தரிப்பாளா மாட்டாளா என்பதையும் சொல்லாது. தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வயதுதான். 31 வயதுக்காரிக்கு அந்த அளவு ஒரு வாரத்தில் ஓடி முடிவதல்ல. வேறு மையத்துக்குப் போனோம். நூறு சதவீதம் என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கே ஒரு முறை கரு வைத்தால் பத்தில் மூன்று நான்கு பேருக்குத்தான் கைகூடும். நாற்பதைத் தாண்டினால் மளமளவென்று இறங்கிவிடும். "எத்தனை பேருக்கு பாசிட்டிவ் வந்தது" என்று கேட்காதீர்கள், "எங்க வயசுக்காரங்கள்ல எத்தனை பேர் கையில பிள்ளையோட வீட்டுக்குப் போனாங்க" என்று கேளுங்கள். இரண்டும் வேறு எண்கள்.

என் மாமியாருக்கு வேறு கவலை. டெஸ்ட் டியூப் குழந்தை என்றால் பத்து மாதமும் பாட்டிலுக்குள் வளரும் என்று நினைத்திருந்தார். "அப்ப இவளுக்கு வயிறு தெரியாதா? ஊர்ல என்னன்னு சொல்ல?" கரு வெளியே இருப்பது ஐந்து நாள்தான் அத்தை, அதற்குப் பிறகு எல்லாம் அவள் வயிற்றில்தான் என்று சொன்னபோது நம்பவில்லை. என் அம்மாவின் பயம், "வேற எவனோடதையோ வச்சிருவான்" என்பது. எங்களுக்குச் செய்தது இக்ஸி. அவள் முட்டைக்குள் என் அணு ஒன்றை ஊசியால் செலுத்துவது. 1992-இலேயே பெல்ஜியத்தில் அதில் குழந்தை பிறந்ததை அறிவித்துவிட்டார்கள். வேறொருவர் முட்டையோ அணுவோ தேவைப்பட்டால் இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கென்று 2021-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. மையம் அதன்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும், சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதுக்கு மேல் செய்யக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. "புதுசா வந்ததுல என்ன வருமோ" என்று அம்மா இழுத்தபோது, உலகத்தின் முதல் ஐ.வி.எஃப். குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலையில் பிறந்தவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், அவருக்கும் இயல்பாகவே பிள்ளை பிறந்திருக்கிறது என்றேன். அதே வருஷம் அக்டோபரில் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயும் அதைச் செய்து காட்டினார். அவரை அன்றைக்கு யாரும் நம்பவில்லை, அது தனிச் சோகம்.

பத்து நாளுக்கு மேல் ஊசி. வயிற்றில் நானேதான் போட்டேன். ஒரே தடவையில் இத்தனை முட்டையை எடுத்தால் சீக்கிரமே மாதவிலக்கு நின்றுவிடுமோ என்று அவள் கேட்டாள். ஒவ்வொரு மாதமும் பல முட்டைகள் கிளம்பும், ஒன்று மட்டும் வளரும், மற்றவை தானாகவே அழியும். அந்த மாதம் அழியப்போவதைத்தான் ஊசி காப்பாற்றி வளர்க்கிறது. அடுத்த வருஷத்துச் சேமிப்பில் கை வைப்பதில்லை. 11 முட்டை கிடைத்தது, 9 முதிர்ந்தது, 6 கருவானது, ஐந்தாம் நாளுக்கு 4 வந்து சேர்ந்தது. இப்படிக் குறைந்துகொண்டே வரும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒவ்வொரு போனுக்கும் நாங்கள் இடிந்து உட்கார்ந்திருக்க மாட்டோம்.

2019 ஆகஸ்ட்டில் இரண்டு கரு வைத்தார்கள். பதினாலு நாள் அவள் அம்மா வீட்டுக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, சொன்னது சொந்தக்காரர்கள். தும்மக்கூடப் பயந்தாள். தங்கவில்லை. மாடிப்படி ஏறியதால்தான் என்று ஒருவர், மனசைப் போட்டு உழப்பிக்கொண்டதால் என்று இன்னொருவர். படுத்தே கிடப்பதால் ஒட்டும் என்பதற்கு ஆதாரம் கிடையாது, கரு பெரும்பாலும் தன் குரோமோசோம் கோளாறால்தான் நின்றுபோகும் என்று டாக்டர் சொன்னார். அப்போதுதான் அவள் முதல்முறையாக, "அப்ப நான் ஒண்ணும் தப்புப் பண்ணலையா?" என்று கேட்டாள். 2020 ஜனவரியில் உறைய வைத்ததில் ஒன்றை மட்டும் வைத்தார்கள். இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். ஐந்தாம் வகுப்புக்குப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இரண்டாம் முறை ஏன் தங்கியது என்று எனக்கு யாரும் காரணம் சொல்லவில்லை, நானும் கண்டுபிடிக்க முயலவில்லை. திருச்செந்தூர் முருகன்தான் என்பது அம்மாவின் கட்சி. இருக்கட்டும்.

செலவு எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சத்துக்குப் பக்கம். சீட்டுப் பணம் எடுத்தேன், அவள் நகை ஒன்று அடகுக்குப் போய் இரண்டு வருஷம் கழித்துத் திரும்பியது. மெடிக்கல் இன்சூரன்ஸில் வரும் என்று நினைத்திருந்தேன். பெரும்பாலான பாலிசிகளில் குழந்தையின்மைச் சிகிச்சையை விலக்கித்தான் வைத்திருக்கிறார்கள், தொடங்கும் முன் பாலிசியை எடுத்துப் படித்துவிடுங்கள்.

கடையில் இப்போது ஆண்கள் என்னிடம் வந்து மெதுவாகப் பேசுகிறார்கள். அணு கூடும் லேகியம் கேட்பவர்கள், பவுடர் கேட்பவர்கள். போன மாதம் ஜிம் போகிற பையன் ஒருவன், கல்யாணமாகி ஒரு வருஷம், "அண்ணாச்சி, டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டா அதுவும் கூடுமாமே?" என்றான். ஏற்கெனவே எட்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறானாம். நேர்மாறு, தம்பி. வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால் மூளை விதைக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிடும், அணு பூஜ்யத்துக்கே போகலாம். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். ஊசியை வைத்துவிட்டு டாக்டரைப் பார் என்றேன். அவன் மனைவிக்கு அந்த வாரம்தான் டியூப் டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். இன்னொருவர், முதல் பிள்ளைக்கு ஏழு வயது, இரண்டாவது தங்கவில்லை, "எனக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, எனக்கெதுக்கு டெஸ்ட்" என்றார். ஏழு வருஷத்தில் சர்க்கரை வந்திருக்கிறது அண்ணாச்சி உங்களுக்கு, அது மட்டும் மாறலாமா என்றேன். டப்பாவை வாங்கிக்கொண்டு போனார். கொடுத்தாரா தெரியாது.

எங்கள் நாலு கருவில் ஒன்று இன்னும் அங்கே உறைந்திருக்கிறது. வருஷா வருஷம் பணம் கட்டச் சொல்லிச் செய்தி வரும். சட்டப்படி பத்து வருஷம்தான் வைத்திருக்கலாம், ஆறு ஓடிவிட்டது. அவளுக்கு வயதும் நாற்பதை நெருங்குகிறது. இந்த வருஷச் செய்தி போன வாரம் வந்தது. என்ன செய்யலாம் என்று கேட்டேன். "ஆனித் தேர் முடியட்டும், உக்காந்து பேசுவோம்" என்றிருக்கிறாள்.